விளையாட்டுத் தராசு

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



இன்று காலையிலிருந்து இந்த மண்டபத்தில் அதிகம் கேட்ட சொல் "ஞாபகமிருக்கா?" என்பதுதான். இந்த ஊர்நினைவு ஒரு காலத்தில் நோயாகவே கருதப்பட்டது. அந்நிய நாடுகளில் பணிபுரிந்து, ஊர் நினைவில் உருகிய சுவிஸ் நாட்டவரைப் பற்றி 1688இல் பாசல் நகர மருத்துவ மாணவர் யொஹன்னஸ் ஹோபர் ஆய்வொன்று எழுதினார். 'நொஸ்டால்ஜியா' என்ற பெயரை வைத்தவர் அவர்தான். வீடு திரும்புதல், வலி ஆகிய பொருளுடைய இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் தலைமன்னாரில் கப்பலேறிய எங்கள் உறவுகளுக்கு அந்த வலியை யாரும் விளக்கத் தேவையில்லை. கோத்தகிரியில் இருந்துகொண்டு பலாங்கொடை மழையைப் பேசுகிறவர்கள் அவர்கள்.

ஆனால் ஏக்கம் தனியே எதையும் ஆக்கித் தராது, பெருமூச்சோடு முடிந்துவிடும். ஒன்றை இன்னொன்றாகப் பார்க்கிற பழக்கம் அதற்குத் துணை வரவேண்டும். அதை நாம் விளையாட்டில்தான் பழகினோம்.

றப்பர் விதையைக் கல்லில் தேய்த்துச் சூடாக்கி, பக்கத்திலிருப்பவளின் கையில் வைத்துவிட்டு ஓடினோம். லயத்து வாசலில் கல்லாங்காய் ஆடினோம். எல்லாவற்றிலும் பெரிய விளையாட்டு கொழுந்து நிறுப்பது. கம்பின் இரு முனையிலும் சிரட்டை கட்டினால் தராசு. ஒருத்தி கணக்கப்பிள்ளை, மற்றவர்கள் கொழுந்துக்காரிகள். நிஜ மடுவத்தில் எங்கள் அம்மாமார் வாய் திறக்காமல் நிற்பார்கள். நிறை குறைந்தால் அரைப்பேரோடு வீடு வருவார்கள். எங்கள் மடுவத்திலோ கணக்கப்பிள்ளையின் கடதாசித் தொப்பியையே தராசில் ஏற்றினோம். நிறை போதாது, உமக்கு அரைப்பேர்தான் என்று தீர்ப்புச் சொன்னோம். இதை யாரும் கற்றுத் தரவில்லை. "இது இப்படித்தான் இருக்கவேண்டுமா?" என்ற கேள்வியை முதலில் அங்கேதான் கேட்டோம்.

மருத்துவமும் அந்தக் கேள்விக்குக் கடன்பட்டது. 1816இல் பாரிஸில், இளம் பெண்ணொருவரின் மார்பில் காது வைத்துக் கேட்க மருத்துவர் லெனெக் தயங்கினார். மரக்கட்டையின் ஒரு முனையில் ஊசியால் கீறினால் மறுமுனையில் காதுக்குத் தெளிவாகக் கேட்கும் என்பது அவருக்கு நினைவு வந்தது. பிள்ளைகள் அப்படி விளையாடுவதைக் கண்டிருந்தார் என்று கதையும் சொல்வார்கள். கடதாசியை இறுக்கிச் சுருட்டி வைத்துக் கேட்டார். மருத்துவர்களாகிய நாங்கள் கழுத்தில் மாட்டித் திரிவது அந்தக் கடதாசிச் சுருளின் பேரப்பிள்ளையைத்தான்.

நம் மலையகத்திலும் இப்படி ஒருவர் இருந்தார். மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினரானவர். ஆங்கிலத்தில் கவிதை எழுதியவர். தோட்டத்து ஆட்களின் வாய்ப்பாட்டைப் படித்தவர்கள் இலக்கியமென்று மதிக்காத காலத்தில், அவர் அதைத் தேடிக் கேட்டு எழுதிவைத்தார். 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' நூலாக வந்தது. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். அவர் ஏங்கியதோடு நின்றிருந்தால் அந்தப் பாட்டுகளில் எத்தனை நமக்குக் கிடைத்திருக்கும்?

இன்று நம் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை இருக்கிறது, மாலையில் டியூஷன் இருக்கிறது, மிச்ச நேரத்துக்குக் கைத்தொலைபேசி இருக்கிறது. கல்லாங்காய்க்கு நேரமில்லை. படிப்பு வேண்டாம் என்று நாம் சொல்லமாட்டோம். நம்மை லயத்திலிருந்து வெளியே கொண்டுவந்தது அதுதான். ஆனால் விடையை மட்டும் பழகிய பிள்ளைக்குக் கேள்வி எங்கிருந்து வரும்?

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். எந்த நாட்டில் இருந்தாலும், நாம் ஒவ்வொருவரும் சிறுவயதில் விளையாடிய ஒரு விளையாட்டை, அதன் விதியோடும் பாட்டோடும் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புவோம். அம்மாமாரையும் பாட்டிமாரையும் இப்போதே கேட்போம். அடுத்து, வாரத்தில் ஒரு பின்னேரத்தை டியூஷன் இல்லாமல் பிள்ளைகளுக்கே விட்டுக்கொடுக்கும்படி பாடசாலையையும் பெற்றோரையும் கேட்டுக்கொள்வோம்.

அந்தப் பின்னேரத்தில் அவர்கள் நம்மையும் தராசில் ஏற்றிப் பார்க்கட்டும். அரைப்பேர் கிடைத்தாலும் சந்தோஷம்தான்.