ஓடுதலும் ஓட்டுதலும்



ஆங்கிலத்தில் மிகுதியான பொருள்களைத் தாங்கி நிற்கும் வினைச்சொல் எது என்று வினவினால், கற்றவர் பலரும் அரிய சொல்லொன்றைத் தேடுவர். விடையோ சிறு பிள்ளையும் அறிந்த சொல்லாக இருக்கிறது. ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதியின் 1989ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட இடத்தைப் பிடித்திருந்த சொல் 'செட்'. பின்னர் நடந்த திருத்தப் பணியில் 'ரன்' அதனை முந்திவிட்டது. பீட்டர் கில்லிவர் என்னும் அகராதி அறிஞர் ஒன்பது மாதங்கள் இந்த ஒரு சொல்லோடு உழன்று, வினையாக மட்டும் அதற்கு 645 பொருள்களைப் பிரித்துக் காட்டினார் என்ற செய்தி 2011இல் வெளியாயிற்று.

தமிழில் அதற்கு 'ஓடு' என விடை சொல்வது பள்ளிக்கூடப் பழக்கம். ஓரளவு பொருந்தவும் செய்கிறது. குதிரை ஓடுகிறது, ஆறு ஓடுகிறது, திரைப்படம் நூறு நாள் ஓடுகிறது, சுவரில் விரிசல் ஓடுகிறது. ஆயின் மூக்கு ஓடுவதில்லை, ஒழுகுகிறது. துணியின் சாயம் ஓடுவதில்லை, போகிறது. தேர்தலில் அமெரிக்க வேட்பாளர் ஓடுகிறார், பிரிட்டனில் நிற்கிறார். தமிழ்நாட்டிலும் நிற்கத்தான் செய்கிறார். வென்றபின் ஓடுவது வேறு கதை.

கவிஞர்கள் கருத வேண்டிய வேறுபாடு இதனினும் நுட்பமானது. தானே ஓடுவதற்கும் பிறிதொன்றை ஓடச் செய்வதற்கும் ஆங்கிலம் ஒரே வடிவத்தை வைத்துக்கொண்டது. தமிழோ ஓடு எனத் தன்வினையும் ஓட்டு எனப் பிறவினையும் பிரித்து வைத்தது. ஒரு மெய் இரட்டித்த அளவிலே பாரம் சுமப்பவர் யார் என்பது விளங்கிவிடுகிறது. 'காலம் ஓடுது' என்பவர் கரையில் நின்று பார்ப்பவர். 'காலத்த ஓட்டுதேன்' என்பவரோ கரிசல் மண்ணில் ஏரோட்டுபவரைப் போலக் காலத்தின் பின்னே கைகடுக்க நடப்பவர். இவ்விரு தொடர்களையும் ஆங்கிலத்தில் பெயர்ப்பவர் ஒரே வினையை எழுதிவிட்டால், உழைப்பு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோகும்.

எதிர்த்திசையிலும் இழப்பு உண்டு. ஆங்கிலக் குறிப்புகளைப் பெயர்த்துப் பழகிய அலுவலகத் தமிழ், எதற்கெடுத்தாலும் 'இயக்கு' என்கிறது. 'பேருந்துகள் இயக்கப்படுகின்றன' என்று அறிவிப்பு வருகிறது. குருவிகுளத்தில் காத்து நிற்பவரோ 'சங்கரன்கோவில் பஸ்சு ஓடுதா?' என்றுதான் கேட்கிறார். அறிவிப்புக்கு அச்சொல் போதும். அதுவே புதுக்கவிதைக்குள்ளும் நுழைந்து, வாழ்க்கை இயங்குவதாகவும் வீடு இயங்குவதாகவும் எழுதப்படுவதுதான் வருத்தத்திற்குரியது.

கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன், கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்து அகராதி கண்டவர். அவ்வழியில் வருவோர்க்கு இன்னும் பணி மிச்சமிருக்கிறது. அரிய பெயர்ச்சொல் தொகுப்பவர் கண்ணில் எளிதில் படும். எல்லாரும் அறிந்த வினையோ, அறிந்ததனாலேயே, குறிக்கப்படாமல் நழுவும். ஓடு, விடு, போடு, அடி போன்றவை எந்தத் தொழிலில், யார் வாயில், என்ன பொருள் கொள்கின்றன என்று ஊர்தோறும் கேட்டெழுத வேண்டும்.

நெசவுக்குப் பேர்பெற்ற சங்கரன்கோவிலையே எடுத்துக்கொள்ளலாம். 'நாலு நாளாத் தறி ஓடல' என்று ஒருவர் சொல்கிறார். 'ரன்' என்னும் வினை இங்கே அப்பழுக்கின்றிப் பொருந்தும். மொழிபெயர்ப்பில் இலக்கணப் பிழை ஏதும் நேராது. அதைப் படிக்கும் அயலார், எந்திரம் பழுதோ, மின்சாரம் இல்லையோ என்று எண்ணுவர். நெசவாளர் தெருவில் அதைக் கேட்பவரோ பழுதைப் பற்றி விசாரிப்பதில்லை. 'வீட்டுல அரிசி இருக்கா?' என்றுதான் கேட்பார்.