பறை என்னும் பெயரும் பரையா என்னும் ஆங்கிலச் சொல்லும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஒருவர்க்குரிய பொருள்களுள் அவர் பெயரும் ஒன்று. ஆயினும் அதனை மிகுதியாக ஆள்பவர் பிறரே. ஆகலின் நம் பெயரைப் பிறர் எவ்வாறு ஆள்கின்றனர் என்று காண்பது நமக்குக் கடமையாகும். உயர்நிலைப் பள்ளியிற் பயிலும் நம் பிள்ளையொருவன் ஆங்கில அகராதியில் 'பரையா' என்னும் சொல்லைக் காண்கின்றான். 'சமுதாயத்தால் ஒதுக்கப்பட்டவன்' என்பது ஆண்டுக் கூறப்படும் பொருள். அது தன் குலப்பெயரே என்று அவன் உணரும்போது நாம் அவனுக்கு என்ன விடை கூறுவோம்? அவ்விடையைத் தேடுதற்கே இச்சொல்லின் வரலாற்றை இன்று எடுத்துக்கொண்டேன்.

முதற்கண் சொல்லிலக்கணம். 'பறை' என்பது பகுதி. 'அர்' என்பது பலர்பால் விகுதி. இடையே நிற்பது யகர உடம்படுமெய். இதில் இழிவுப் பொருள் தரும் எழுத்து ஒன்றேனும் இல்லை. பறை என்பது தோற்கருவிகளின் பொதுப்பெயர். சொல்லுதல் என்னும் பொருளும் அதற்குண்டு. மலையாள நாட்டார் இன்றும் 'சொல்' என்பதற்குப் 'பறய்' என்றே கூறுவர். தொல்காப்பியனார் ஐந்திணைக் கருப்பொருள்களுள் பறையையும் வைத்தெண்ணினார். ஆகவே முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தற்கு மீன்கோட்பறை என நிலந்தோறும் பறை ஒலித்தது. புறநானூற்று 335ஆம் செய்யுளில் மாங்குடி கிழார் பறையனைப் பாணன், துடியன், கடம்பன் என்பாரோடு ஒருங்கு வைத்துச் சிறந்த குடியாக எண்ணுகின்றார். திருப்பாவையில் ஆண்டாள் நோன்பின் பயனாகக் கண்ணனிடம் வேண்டுவதும் பறையே. இங்ஙனம் போற்றப்பெற்ற சொல்லே நம் பெயரின் வேராகும்.

பெயர் இன்னதாயினும், நம்மவருள் பறை கொட்டுவார் சிலரே. பெரும்பாலார் உழுதொழிலாற் பிறர்க்கு உணவளித்தவர். எனினும் 11ஆம் நூற்றாண்டினதாகிய தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களிலேயே 'பறைச்சேரி' என்னும் பெயர் வருகின்றது. நம்மவர் தனிச்சேரியில் வாழ்ந்தமையை அது காட்டும். ஆகவே இழிவு முழுவதையும் கடல் கடந்து வந்தார்மேல் ஏற்றுதல் வாய்மையாகாது. ஒதுக்கியவர் உள்நாட்டார், அவ்வொதுக்கத்தை ஒரு சொல்லில் அடைத்து உலகெங்கும் கொண்டு சென்றவர் ஐரோப்பியர்.

கட்டுமரம், சுருட்டு என்னும் தமிழ்ச் சொற்களும் ஆங்கிலம் புகுந்தன. அவை பொருட்பெயர்களாகவே சென்று பொருட்பெயர்களாகவே நிற்கின்றன. நம் பெயரோ அங்ஙனம் நில்லாது திரிந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில நூலிற் புகுந்தபோது அது ஒரு குலத்தாரையே குறித்தது. ஈற்று ரகரம் நாளடைவில் தேய்ந்து 'பரையா' ஆயிற்று. 1791இல் பெர்னார்தென் தெ சேன் பியேர் என்னும் பிரெஞ்சுப் புலவர், உண்மையைத் தேடிவந்த ஓர் ஆங்கில அறிஞர் அதனை ஒரு பறையனுடைய குடிலிற் கண்டதாகக் கதை எழுதினார். கதை நன்றே, ஆயினும் அதனாற் பரவியது அப்பறையனுடைய அறிவன்று, ஒதுக்கப்பட்டவன் என்னும் கருத்தே. பின்னர் எந்நாட்டு விலக்குண்டவனையும் அச்சொல்லாற் குறித்தனர். தெருநாய்க்கும் பருந்துக்கும் அதனை அடையாக்கினர். இந்நாளிற் செய்தித்தாள்கள் பிற நாடுகளால் விலக்கப்பட்ட அரசையும் அப்பெயரால் எழுதுகின்றன.

இது பிழையென்று அந்நாளிலேயே எடுத்துரைத்தாரும் உளர். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் ஐயர், இவர் குலமற்றார் அல்லர், தமக்கென வரையறை உடைய பழங்குலத்தார் என்று தெளிவுபடுத்தினார். ஆயினும் வழக்கு அவர் உரையைக் கேட்டிலது.

நம் முன்னோர் இதற்கு இருவகை மருந்து தேடினர். இரட்டைமலை சீனிவாசனார் 1893இல் தம் பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். ஒளித்தால் இழிவு ஒழியாது, நிமிர்ந்து உரைத்தாலே ஒழியும் என்பது அவர் கொள்கை. எம். சி. ராஜா முதலியோர் வேறு பெயரை நாடினர். அவர்தம் முயற்சியால் 1922இல் சென்னை அரசாங்கம் 'ஆதித்திராவிடர்' என்று எழுத ஆணையிட்டது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. நம் பழம்பெயரோ அட்டவணைச் சாதிகளின் பட்டியலில் இன்றும் உள்ளது. இவ்விரு வழியினரும் நம் பெரியோரே. எப்பெயரால் தம்மை வழங்குவதென்பது அவரவர் உரிமை. அது பற்றி நமக்குள் பூசல் வேண்டா.

ஆனால் ஆங்கில வழக்கைப் பற்றி நமக்குள் இருகருத்து இருத்தலாகாது. ஒருவன் விலக்குண்டான் என்று சொல்லுதற்கு ஆங்கிலத்தில் வேறு சொற்கள் பல உள. ஒரு மக்களின் பெயரை வசையாக்காமலே அக்கருத்தை முடிக்கலாம். ஆகவே நம் பிள்ளைகள் கட்டுரையில் அச்சொல்லை எழுதாதிருக்கட்டும். வகுப்பில் அது வருமாயின் அதன் வரலாற்றை அஞ்சாது எழுந்துரைக்கட்டும். செய்தித்தாளிற் கண்டவழி அதன் ஆசிரியர்க்குப் பணிவும் உறுதியும் உடைய கடிதம் எழுதுதல் நம் சங்கத்தின் பணியாகட்டும். பெற்றோர்களே, பறை என்பதன் பொருளைப் பிள்ளைகட்கு வீட்டிலேயே முன்னர்ச் சொல்லிவிடுங்கள். தன் பெயரின் பொருளைத் தாயின் வாயால் அறிந்த பிள்ளை அயலார் அகராதியைக் கண்டு தலைகுனியான்.