பூங்காவுக்காக எடுத்த மண்

(புறநகர் மாணவர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டீர்கள். வருகிற வழியில் ஏரிக்கரையில் நட்டிருக்கிற அளவுக்கல்லைப் பார்த்தேன். கரையைச் சுற்றி நடைபாதை, பூங்கா எல்லாம் வருதாம், சர்வேக்காரங்க வந்துட்டுப் போனாங்க என்றார் டீக்கடைக்காரர். கல் நிற்பது காலனிக்கு இந்தப் பக்கம். அதாவது வீடுகள் பூங்காவுக்குள்ளே. கவிதையை மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

பூங்கா வேண்டாம் என்கிற ஆள் இல்லை நான். ஒண்டுக்குடித்தனத்தில் கிடக்கிற சேரிப் பிள்ளைக்குத்தான் ஓடி விளையாட இடம் ரொம்ப வேண்டும். ஆனால் பூங்கா என்றதும் எல்லாரும் வாயை மூடிக்கொள்கிறோம் பாருங்கள், அதுதான் எனக்குப் பயம். சாராயக்கடைக்கு இடம் எடுத்தால் சண்டை போடலாம். பூவுக்கும் மரத்துக்கும் எதிராக எவன் கொடி பிடிப்பான்?

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸின் புறநகர், மன்ஹாட்டன் பீச். 1912-ல் வில்லா புரூஸ் என்ற கறுப்பினப் பெண் அங்கே கடலோரத்தில் ஒரு மனை வாங்கினார். விலை 1,225 டாலர். புருஷன் சார்லஸ் ரயிலில் சமையல்காரர். கறுப்பர்கள் கால் நனைக்க அந்தப் பக்கத்துக் கடற்கரைகள் பெரும்பாலானவற்றில் இடம் கிடையாது. வில்லா சின்னதாக ஒரு சாப்பாட்டுக்கடை போட்டார், உடை மாற்ற அறை கட்டினார், நீச்சலுடை வாடகைக்கு விட்டார். விடுமுறை நாளானால் கூட்டம். 1920-ல் அடுத்த மனையும் வாங்கினார். சுற்றி இன்னும் சில கறுப்புக் குடும்பங்கள் மனை வாங்கின.

வெள்ளைக்காரப் புறநகருக்குப் பொறுக்குமா? பக்கத்து நிலக்காரர் கடலுக்கு எதிரே இருந்த தன் மண்ணில் கயிறு கட்டிப் பலகை வைத்தார். குளிக்க வந்தவர்கள் அரை மைல் சுற்றிப் போனார்கள். ஆனாலும் போனார்கள். டயரில் காற்றைப் பிடுங்கினான், தீ வைக்கப் பார்த்தான், யாரும் அசையவில்லை. அதற்கப்புறம்தான் 1924-ல் நகரசபைக்குத் திடீரென்று பூங்கா ஆசை வந்தது. சட்டப்படி, பொதுக்காரியத்துக்காக, இரண்டு தெருக்களுக்கு நடுவில் இருந்த மனைகளை எடுத்தது. புரூஸ் குடும்பம் கேட்ட இழப்பீடு 1,20,000 டாலர். கிடைத்தது 14,500. 1927-ல் கட்டடங்களை இடித்தார்கள்.

பூங்கா வந்ததா என்று கேட்பீர்கள். கிட்டத்தட்ட முப்பது வருஷம் அந்த இடம் சும்மா கிடந்தது. ஒரு செடி வைக்கக்கூட அவசரம் இல்லை. ஆட்களைக் கிளப்புவதுதான் அவசரம்.

நான் வங்கிக் கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கிறவன். இழப்பீட்டுக் காசோலைகள் என் கைவழியாகப் போகும். ரோட்டுக்கு வீடு போன ஒரு ஆயா காசோலையை நீட்டிக் கேட்டது: "இதுல எங்க வேப்பமரத்துக்கு எவ்ளோ போட்டிருக்கான் தம்பி?" காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒட்டுமொத்தமாக ஒரே தொகை. தெரியல ஆயா என்றேன். அந்த மரத்தடியில்தான் அது இட்லி சுட்டு விற்றது என்று பிறகுதான் தெரிந்தது. வில்லாவின் 14,500-லும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு விலை இருந்திருக்காது.

1927-ல் இன்னொன்றும் நடந்தது. நகரசபை அந்தக் கடற்கரையைத் தனியார் ஒருவருக்குக் குத்தகை விட்டுக் கறுப்பர்களைத் தடுக்கப் பார்த்தது. அவர்கள் வேண்டுமென்றே கடலில் இறங்கினார்கள், கைதானார்கள். அதே 1927, மார்ச் 20: மகாடில் பாபாசாகேப் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளினார். அதுவும் 'பொது'க் குளம்தான். நம்ம ஊரில் பொதுக்கிணறு, பொதுப்பாதை, பொதுச் சுடுகாடு என்றால் யாருடையது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 'பொது' என்ற சொல்லைக் கேட்டால் நாம் முதலில் நம் பட்டாவைத் தேடவேண்டும்.

2020-ல் ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்டபின் எழுந்த போராட்டங்களின்போது புரூஸ் நிலத்தின் கதையும் திரும்பப் பேசப்பட்டது. 2021-ல் கலிபோர்னியா தனிச்சட்டம் போட்டது. 2022-ல் கடலோர மனை இரண்டும் வாரிசுகளுக்குத் திரும்பின. 2023 ஜனவரியில் அவர்கள் அதை ஏறக்குறைய 2 கோடி டாலருக்கு மாவட்ட நிர்வாகத்துக்கே விற்றார்கள். 'திரும்ப வாங்கி வித்துட்டாங்களே' என்று ஒரு தோழர் வருத்தப்பட்டார். அந்த மனை அரசு உபயோகத்துக்கென்று வகைப்படுத்தப்பட்டது தோழர், அதில் அவர்கள் மறுபடி விடுதி கட்ட முடியாது. மேலே பூங்காவாகிவிட்ட மற்ற குடும்பங்களின் மனைகள் திரும்பவே இல்லை. அங்கே இன்றைக்கும் ஜனங்கள் காற்று வாங்குகிறார்கள்.

இவ்வளவாவது நடந்ததற்குக் காரணம், வில்லா பெயரில் பத்திரம் இருந்தது. நமக்கு? 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். அதையொட்டி 1892 முதல் வந்ததுதான் பஞ்சமி நிலம். பத்து வருஷத்துக்கு விற்கக்கூடாது, அதற்குப்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலம் எங்கே போச்சு என்று கேட்டுத்தான் 1994-ல் காரணையில் துப்பாக்கிச்சூடு வாங்கினோம். நிலம் போனவன் ஏரிக்கரைக்கு வந்தான். புறம்போக்கில் குடிசை போட்டான். அவனை எழுப்பக் கையகப்படுத்தல்கூட வேண்டாம், ஆக்கிரமிப்பு என்று ஒரு வார்த்தை போதும். 2007-ல் ஏரிகளுக்கென்றே சட்டம் வந்துவிட்டது. கரையில் அடுக்குமாடி கட்டினவனுக்கும் அதே சட்டம்தான், ஆனால் புல்டோசருக்கு எந்த வீட்டு வழி முதலில் தெரிகிறது? எழுப்பினவர்களைக் கொண்டுபோய்ப் போட கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் இருக்கின்றன.

எனக்கு நேரம் முடியப்போகிறது. உங்களுக்கு ஒரு வேலை. நடைபாதை எந்தச் சர்வே எண் வழியாகப் போகிறது, வீடுகளை விட்டு வளைத்துப்போக வழி உண்டா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் வரைபடம் கேட்டு மனு போடுங்கள். கிராம நிர்வாக அலுவலகத்தில் 'அ' பதிவேட்டைப் பாருங்கள், காலனி இருக்கிற இடத்துக்கு என்ன எழுதியிருக்கிறது என்று. வீடுவீடாகப் போய்ப் பழைய ரேஷன் கார்டு, வீட்டுவரி ரசீது, கரண்ட் பில், எது இருந்தாலும் வாங்குங்கள். எலி கடித்ததையும் வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த டீக்கடையில் இருப்பேன். ஜெராக்ஸ் செலவு என்னுடையது.