வழிக்கு ஒரு பொட்டலம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

சரக்கு அலுவலகத்தில் இரசீது எழுதும் எங்களைப் போன்ற குமாஸ்தாக்களையும் மேடையேற்றிப் பேசப் பணித்தது செயலாளர் அவர்களின் பெருந்தன்மை. நாங்கள் பத்தாம் வகுப்போடு பள்ளியைவிட்டு வெளிவந்தவர்கள். இலக்கியம் பேசும் தகுதி எங்களுக்கு இல்லை. ஆகவே, கண்ணால் கண்டதையும் கையால் உண்டதையும் மட்டுமே பேசுவது என்று முடிவு செய்தோம். தார்ச்சாலை இல்லாத நாளில் தனுஷ்கோடிக் கடற்கரையில் நடந்த நடையும், அந்நடைக்கென்று கட்டப்பட்ட சோறும் எங்கள் பொருள்.

எங்கள் ஊர் இராமநாதபுரத்திற்கும் மண்டபத்திற்கும் இடையே, உச்சிப்புளியை அடுத்த சிற்றூர். பனையும் மணலுமே அதன் செல்வம். அங்கிருந்து இராமேசுவரம் சில மணி நேரப் பயணந்தான். ஆனால் அந்தச் சில மணி நேரத்தைப் பெறுவதற்கு மனிதர் பட்ட பாடு சிறிதன்று. 1914-இல் பாம்பன் இரயில் பாலம் திறக்கப்படும்வரை யாத்திரிகர் தோணியேறியே தீவை அடைந்தனர். 1988-இல் சாலைப் பாலம் திறக்கப்படும்வரை, கடல் கடந்து செல்ல இரயில் ஒன்றே நிலையான வழியாக இருந்தது. அதற்கும் முற்பட்ட காலத்தில் வழிநடையாக வந்தோர்க்குச் சேதுபதி மன்னர்களும் தஞ்சை மராட்டிய மன்னர்களும் சத்திரங்கள் அமைத்துச் சோறிட்டனர். தனுஷ்கோடிக்குச் செல்லும் வழியிலுள்ள முகுந்தராயர் சத்திரம், இன்றும் தன் பெயரில் அந்த அறத்தைச் சுமந்து நிற்கிறது.

எங்கள் தாத்தா இரயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தம்பி தனுஷ்கோடித் துறையில் சுமை தூக்கியவர். அக்காலத்தில் சென்னையிலிருந்து வரும் போட் மெயில் தனுஷ்கோடியில் வந்து நிற்கும். பயணிகள் அங்கே கப்பலேறித் தலைமன்னார் செல்வர். 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு எழுந்த புயல் அந்த நிலையத்தையும் ஊரையும் ஒருசேர அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் வண்டி ஒன்றும் அலைக்கு இரையாயிற்று. இரயில் பாலம் சில மாதங்களில் செப்பமுற்றது. தனுஷ்கோடிக்கு இரயில் மீண்டும் போகவில்லை; சின்னத் தாத்தாவும் வீடு திரும்பவில்லை.

ஆகவே ஆண்டுதோறும் தை அமாவாசையன்று தம்பிக்கு எள்ளும் நீரும் இறைக்கத் தாத்தா தனுஷ்கோடிக்குச் செல்வார். 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அப்பாவுடன் நாங்களும் எங்கள் தம்பியும் உடன் சென்றோம்.

முதல்நாள் மாலையே வீட்டில் வேலை தொடங்கிவிடும். அப்பத்தா புளியைக் கெட்டியாகக் கரைத்து, மிளகாய், பெருங்காயம், வெந்தயம் சேர்த்து, நல்லெண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை காய்ச்சுவாள். சோற்றை உதிரியாக வடித்து, அகன்ற தாம்பாளத்தில் பரப்பி, மஞ்சளும் எண்ணெயும் பிசறி, நன்றாக ஆறவிட்ட பிறகே புளிக்காய்ச்சலைச் சேர்ப்பாள். “சூட்டோடு கட்டினால் சோறு வியர்க்கும், வியர்த்த சோறு நடுவழியில் ஊசிப்போகும்” என்பது அவள் இலக்கணம். தேங்காய்க்கு அன்று இடமில்லை. அது வெயிலில் விரைவில் கெடும். வறுத்த பருப்பை நீர் தொடாமல் இடித்த பொடியே தொடுகறி. தயிர்ச்சோற்றுக்கும் ஓர் உபாயம் உண்டு. குழைந்த சோற்றில் காய்ச்சி ஆறிய பாலை ஊற்றி, ஒரு கரண்டி மோர் மட்டும் விட்டுப் பிசைவாள். நாங்கள் நடந்து முடிப்பதற்கும் அது தயிராகத் தோய்வதற்கும் சரியாக இருக்கும்.

தணலில் வாட்டிய வாழையிலையில் ஒவ்வொன்றாகக் கட்டிப் பனையோலைக் கொட்டானில் அடுக்குவாள். இடுக்குகளில் அவித்த பனங்கிழங்கு நிற்கும். பாசிப்பயறும் அரிசியும் வறுத்துத் திரித்து, சுக்குத் தட்டிப்போட்டுக் கருப்பட்டிப் பாகில் உருட்டிய பொரிவிளங்காய் உருண்டைகளும் உண்டு. அவ்வுருண்டைக்கும் எங்கள் பற்களுக்கும் நடந்த போரில் உருண்டையே பலமுறை வென்றது.

நால்வர் பயணத்திற்கு அப்பத்தா ஐந்து பொட்டலம் கட்டுவாள். “ஏன் ஒன்று கூடுதல்?” என்று கேட்டால், “ஆளுக்கு ஒன்று, வழிக்கு ஒன்று” என்பாள். அது தாத்தாவின் தம்பிக்குரிய பங்கு என்பதும், எதிர்ப்படும் எவருக்கேனும் அதைக் கொடுத்துவிட வேண்டும் என்பதும் எங்களுக்குப் பின்னரே விளங்கின.

விடியுமுன் இரயிலேறி இராமேசுவரம் சென்று, கிடைத்த வண்டியில் முகுந்தராயர் சத்திரத்தை அடைவோம். தார்ச்சாலை அத்துடன் முடிந்துவிடும். அப்பால் பழைய ஊர்வரை ஐந்து கிலோமீட்டர் மணலும் நீருந்தான். ஒருபுறம் பெண்கடல், மறுபுறம் ஆண்கடல். மீன் ஏற்றும் வண்டிகள் தேங்கிய நீரைக் கிழித்துக்கொண்டு தள்ளாடிப் போகும். தாத்தா அவற்றில் ஏறமாட்டார். “தம்பி நடந்த வழி” என்று ஒரு சொல்தான் சொல்வார். காய்ந்த மணலில் கால் புதையும். ஆகவே அலை நனைத்து இறுகிய விளிம்பிலேயே நடப்போம். வெயில் ஏறுமுன் நடையை முடிக்க வேண்டும்.

இடிந்த நிலையத்தின் சுவர்கள் கண்ணுக்குப் படும்போது தாத்தாவின் பேச்சு நின்றுவிடும். நீர்க்கடன் முடித்து முதற் கவளத்தை இலையில் வைப்போம். காக்கை வராது, கடற்காகம் வந்து கொத்திச் செல்லும். “கடலோடு போனவனுக்கு அதுதான் உறவு” என்பார் தாத்தா. அதன் பிறகே எங்கள் பொட்டலங்கள் அவிழும். புளியும் எண்ணெயும் வாழையிலை மணமும் ஒன்றாகி, வீட்டில் ஒருநாளும் வாய்க்காத சுவையை அங்கே அச்சோறு பெற்றிருக்கும்.

அங்கே ஓலைக் குடிசைகளில் சில மீனவர் குடும்பங்கள் வாழ்ந்தன. சோறு நாங்கள் கொண்டு சென்றோம். தண்ணீர் அவர்கள் தந்தார்கள். மணலில் சில அடி தோண்டினால் அங்கே நன்னீர் ஊறும். மழைநீர் உப்புநீரைவிட இலேசானது. ஆதலால் மணலுக்குள் அதன்மேல் மிதந்து நிற்கிறது. பேராசைப்பட்டு ஆழத் தோண்டினால் உப்புநீர் வந்துவிடும். ஒரு மீனவத் தாய் சிரட்டையால் மெல்ல மெல்ல முகந்து குடத்தை நிரப்பி எங்களுக்குத் தருவாள். விரத நாள் என்றறிந்து, மீன் தொட்ட கையை முன்னதாகக் கழுவிக்கொண்டு வருவாள். ஐந்தாம் பொட்டலம் அவள் கைக்கே போகும்.

ஓர் ஆண்டு அவள் அப்பொட்டலத்தைப் பிரித்து, ஒரு கவளம் எடுத்து இலைத்துண்டில் தனியே வைத்தாள். “இது யாருக்கு?” என்று எங்கள் தம்பி கேட்டுவிட்டான். அவள் சற்று நேரம் கடலைப் பார்த்தாள். போன கார்த்திகை மழையில் அவளுடைய நான்கு வயது மகனுக்குக் காய்ச்சல் கண்டதாம். வழியெல்லாம் நீர் நின்றதால் வண்டி எதுவும் வரவில்லை. கணவனும் கொழுந்தனும் இரவில் பிள்ளையை மாற்றி மாற்றித் தோளில் சுமந்து நடந்தார்கள். “சத்திரத்துத் தார் ரோடு கண்ணுக்குத் தெரிந்தது, ஐயா, அதற்குள் பிள்ளை அடங்கிவிட்டது” என்றாள்.

தாத்தா மறுமொழி கூறவில்லை. தம் கொட்டானிலிருந்த பொரிவிளங்காய் உருண்டைகள் அனைத்தையும் அந்த இலைத்துண்டின் பக்கத்தில் வைத்தார். புறப்படும்போது அவள் தாளில் சுற்றிய கருவாட்டைத் தந்து, “இன்றைக்கு வேண்டாம்; நாளைக்கு வீட்டில் ஆக்கச் சொல்லுங்கள்” என்றாள். வீட்டுக்கு வந்ததும் தாத்தா நடந்ததை அப்பத்தாவிடம் சொன்னார். மறு ஆண்டு நால்வருக்கு ஆறு பொட்டலங்கள் கட்டப்பட்டன.

அன்பர்களே! பழைய வழியையும் பழைய உணவையும் புகழ்ந்து, புதிய சாலையைப் பழித்துப் பேசுவது மேடைகளில் எளிது. அந்தத் தாயின் முகத்தைக் கண்ட எங்களுக்கு அது இயலாது. 2017-இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரைக் கிலோமீட்டர் சாலை திறக்கப்பட்டது. இரண்டாண்டுகள் கழித்து எங்கள் குழந்தைகளை அழைத்துச் சென்றோம். நாங்கள் அரைநாள் நடந்த வழியைக் கார் சில நிமிடங்களில் கடந்தது. வழியோரம் வறுத்த மீனும் குளிர்பானமும் விற்கும் கடைகள். அருகே மணலில் நெகிழிக் குப்பைகள். அந்தத் தாயை விசாரித்தோம்; எவருக்கும் தெரியவில்லை. திரும்பும்போது பின்னால் மணியோசையுடன் 108 வண்டி வந்தது. காரை ஓரங்கட்டி அதற்கு வழிவிட்டு நின்றோம். அது கண்ணிலிருந்து மறையும்வரை எங்களால் மீண்டும் வண்டியில் ஏற முடியவில்லை.

சாலை வந்தது நன்று, மிக நன்று. சாலையோடு நாம் இழந்தது ஒன்றே ஒன்றுதான். வழியில் யாரும் நமக்குத் தேவைப்படாத காரணத்தால், வழியில் இருப்பவருக்கு நாம் தேவைப்படலாம் என்பதையும் மறந்துவிட்டோம். பணம் கொடுத்துப் புட்டித் தண்ணீர் வாங்குபவன், சிரட்டையால் முகந்து தருபவளை அறியமாட்டான்.

ஆயினும் இந்தக் காலனி அதை முற்றிலும் மறக்கவில்லை என்பதற்கு நாங்களே சாட்சி. 2020-ஆம் ஆண்டு மே மாதம், ஊரடங்கில் ஊர் திரும்பிய தொழிலாளர்களின் சிறப்பு வண்டிகள் நம் நிலையத்தில் நின்றன. அப்போது இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்கள் வீடுதோறும் புளியோதரை கிளறினார்கள். அதன் பெயர்கூட அறியாத வடநாட்டுப் பிள்ளைகள் சன்னல் வழியே கைநீட்டி வாங்கி உண்டனர். அன்று எத்தனை பொட்டலம் போயிற்று என்று எவரும் கணக்கு எழுதவில்லை. சோறு ஆறிய பிறகுதான் கட்டவேண்டும் என்று மட்டும் எங்கள் வீட்டில் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பத்தா காலமாகி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அந்தக் குரல் எங்கள் இல்லத்தரசியினுடையது.

வரும் காணும் பொங்கலன்று சங்கத்தின் சார்பில் ஆற்றங்கரைக்குச் செல்லவிருக்கிறோம். அதற்காக எங்கள் சிறு வேண்டுகோள் ஒன்று உண்டு. வீட்டுக்கு வீடு கட்டுச்சோறு கட்டுங்கள். பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக் கட்டக் கற்றுக்கொடுங்கள். தலைகளை எண்ணி முடித்த பிறகு, ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்கு எழுதிவரும் குமாஸ்தாக்கள் கூறுகிறோம்: அந்தக் கூட்டலைத் தவறென்று எந்தத் தணிக்கையாளரும் குறிக்கமாட்டார்.