பல்லைக் கடிப்பதற்கு முன்னால்



பேகம்பூரில் மனநலம் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், "தோல்ஷாப்புக்காரங்க ஊர்ல அதைப் பேசி என்ன ஆகப்போகுது?" என்று ஒரு நண்பர் கேட்டார். டி.செல்வராஜின் 'தோல்' நாவலைப் படித்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். சுண்ணாம்புக் குழியில் வெந்தது காலும் கையும் மட்டுமல்ல.

என் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் முதல் வருடம். வகுப்புக்கு வந்த ஓர் ஆசிரியர், "ஸ்காலர்ஷிப் கேஸ் எல்லாம் எந்திரி" என்றார். ஏழு பேர் எழுந்தோம். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் முப்பது வருடம் கழித்தும், மேடையில் மைக் பிடிக்கும்போது அந்த 'எந்திரி' காதில் கேட்கிறது. இன்றைக்கும் கேட்டது.

கூப்பிடாமல் வருகிற இப்படிப்பட்ட எண்ணங்களைத்தான் பத்மால் டி சில்வா தன் ஆய்வுப் பொருளாக்கினார். இலங்கையிலிருந்து லண்டனுக்குப் போய், அங்கே மனநல மருத்துவக் கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர். 1978இல் ஸ்டான்லி ராக்மனோடு சேர்ந்து அவர் செய்த ஆய்வு முக்கியமானது. நோயாளிகளை அலைக்கழிக்கும் எண்ணங்கள் நோயில்லாதவர்களுக்கும் வருகின்றன. உள்ளடக்கத்தில் பெரிய வேறுபாடு இல்லை. எவ்வளவு அடிக்கடி வருகிறது, எவ்வளவு வதைக்கிறது என்பதில்தான் வேறுபாடு என்று காட்டினார்கள். 'பைத்தியம்' என்ற சொல்லுக்குப் பயந்து வாய் திறக்காதவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

1984இல் பௌத்தத்தையும் நடத்தை மாற்றச் சிகிச்சையையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். மேற்கத்தியச் சிகிச்சை அறைகளில் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்லப்பட்ட பல உத்திகள் பாலி நூல்களில் ஏற்கெனவே இருப்பதை எடுத்துக் காட்டினார். சிங்களப் பெயர் என்றதும் நம்மில் சிலருக்கு முகம் சுருங்கும். அங்கே நடந்த போரில் காவியுடை எந்தப் பக்கம் நின்றது என்பது நமக்குத் தெரியும். ஆனால் 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் கப்பலேறிப் போய் பஞ்சசீலம் பெற்றதும் அதே தீவில்தான்.

அந்தப் பாலி நூல்களில் ஒன்று மஜ்ஜிம நிகாயத்தின் 20ஆவது சுத்தமான விதக்கசண்டான சுத்தம். வேண்டாத எண்ணம் வந்தால் என்ன செய்வது என்று புத்தர் ஐந்து வழி சொல்கிறார். தச்சன் பெரிய ஆப்பைச் சின்ன ஆப்பால் அடித்து வெளியேற்றுவதுபோல, நல்ல எண்ணத்தால் கெட்ட எண்ணத்தைத் தள்ளு. போகவில்லையா, அதன் கேட்டைப் பார். அதற்கும் போகவில்லையா, கண்ணை மூடிக்கொள்வதுபோல அதைக் கவனிக்காமல் விடு. நான்காவது, அந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று தேடு. இதற்கு அவர் சொல்லும் உவமை அருமையானது. வேகமாக நடக்கிற ஒருவன், 'நான் ஏன் இவ்வளவு வேகமாக நடக்கிறேன்?' என்று கேட்டு மெதுவாக நடக்கிறான். பிறகு நிற்கிறான், உட்காருகிறான், படுக்கிறான். எதுவும் பலிக்காவிட்டால் கடைசியாக, பல்லைக் கடித்து, நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி, மனதால் மனதை அடக்கு.

நம் வீடுகளில் சொல்வது என்ன? "பல்லைக் கடிச்சுக்கிட்டு நாலு வருசம் படிச்சிரு சாமி." புத்தர் கடைசியில் வைத்ததை நாம் முதலில் வைத்திருக்கிறோம். அம்மா அப்பாவைக் குறை சொல்லவில்லை. அவர்கள் கையில் அது ஒன்றுதான் இருந்தது. ஆனால் கடித்துக் கடித்துப் பல் உடைந்துபோன பிள்ளைகளை நாம் பார்த்துவிட்டோம். 2016 ஜனவரி 17, ஹைதராபாத், ரோகித் வெமுலா. உங்கள் வகுப்பிலேயே சொல்லாமல் போன பெயர்கள் இருக்கலாம்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். ஆசிரியர் 'எந்திரி' என்று சொன்னதற்கு நான் எதற்கு என் மனசைத் திருத்த வேண்டும்? சாதியை விட்டுவிட்டு மூச்சைக் கவனிக்கச் சொல்வது ஏமாற்று இல்லையா? இன்று கம்பெனிகள் ஊழியர்களுக்குத் தியான வகுப்பு நடத்திவிட்டு வேலை நேரத்தைக் குறைக்காமல் இருப்பது அந்த ஏமாற்றுதான். டி சில்வாவின் கட்டுரையிலும் எனக்கு இந்தக் குறை உண்டு. உத்திகளை எடுத்துக்கொண்டார், அந்த எண்ணத்தைக் கொண்டுவந்து போட்ட ஊரைப் பற்றி அவருக்குக் கேள்வியில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் அம்பேத்கர். 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் சித்தார்த்தர் வீட்டைவிட்டுப் போவதற்குக் காரணம் கிழவனும் பிணமும் அல்ல; ரோகிணி ஆற்றுத் தண்ணீருக்காக சாக்கியரும் கோலியரும் மோதிக்கொள்ளத் துணிந்த தகராறு. துக்கத்துக்கு முன்பிறவி வினையைக் காட்டுவதை அவர் ஏற்கவில்லை. இதை வைத்து நான்காவது வழியைப் படித்துப் பாருங்கள். 'நான் ஏன் இப்படி ஒடுங்குகிறேன்?' என்று தேடிக்கொண்டே போனால் அது என் மண்டைக்குள் முடியாது. வகுப்பறைக்குப் போகும், ஊர்த் தெருவுக்குப் போகும். என் கோபம் வேண்டாத எண்ணம் அல்ல. 'நீ லாயக்கில்லை' என்று அவர்கள் எனக்குள் நட்டுவைத்தது இருக்கிறதே, அதுதான் வெளியேற்ற வேண்டிய ஆப்பு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தனியாளால் எப்போதும் முடிவதில்லை. அதற்குத்தான் சங்கம், அதற்குத்தான் மருத்துவர்.

வெட்கப்படாமல் மருத்துவரிடம் போங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அரசுச் செலவில் சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியிருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது அதன் 115ஆவது பிரிவு. தூக்கம் வராத இரவில் 14416க்குப் போன் போடலாம். காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். விடுதியில் இருக்கிற தம்பிகள் இந்த எண்ணை இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள். பக்கத்து அறைக்காரன் இரண்டு நாளாகச் சாப்பிட வரவில்லை என்றால் கதவைத் தட்டுங்கள். ஆஸ்பத்திரிக்குத் தனியாக அனுப்பாதீர்கள், கூடப் போங்கள். ஓபி சீட்டு வாங்கும் வரிசையில் அவனோடு நில்லுங்கள்.