மூன்று சகோதரிகள், ஒரே மேசை
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



எழுதுறவங்க வீட்டில் பிறந்தால் எழுத்து தானாக வந்துவிடும் என்று சொல்வாங்க. அது பாதிதான் உண்மை. இங்கிலாந்தில் வாழ்ந்த புரோன்டே குடும்பத்தின் கதையைச் சொல்றேன், கேளுங்க.

ஹாவொர்த் என்று ஒரு ஊர். அப்பா அங்கே பாதிரியார், கவிதைப் புத்தகம் போட்டவர். அம்மா 1821-லேயே இறந்துட்டாங்க. பெரியம்மாதான் வந்து பிள்ளைகளை வளர்த்தாங்க. சார்லட், எமிலி, ஆன் என்ற மூன்று பெண்களும், அவங்க சகோதரனும் சின்ன வயசிலேயே கதை எழுதினாங்க. ஆனால் பெரிய ஆளா வருவான் என்று வீடு நம்பியது பையனைத்தான்.

1836 கடைசியில் சார்லட் தன் கவிதைகளை அரசவைக் கவிஞருக்கு அனுப்பினாங்க. பெண்களுக்கு எழுத்து தொழிலாகாது என்ற கருத்தில் அவர் பதில் போட்டார்.

அதோட அவங்க நிறுத்தலை. ராத்திரி 9 மணிக்குத் தையல் வேலையை எடுத்து வச்சிட்டு, மூணு பேரும் மேசையைச் சுற்றி நடந்துகிட்டே அவங்கவங்க கதையைப் பற்றிப் பேசுவாங்க. எழுதினதை வாசிச்சுக் காட்டி, குறை நிறை கேட்பாங்க. நம்ம குழுக் கூட்டம் மாதிரிதானே!

பெரியம்மா விட்டுச்சென்ற பணத்தில் 1846-ல் மூணு பேரும் சேர்ந்து ஒரு கவிதைப் புத்தகம் போட்டாங்க. பெண் எழுதியது என்றால் மதிக்கமாட்டாங்க என்று பெயரை மாற்றி வச்சாங்க. முதல் வருஷம் விற்றது 2 பிரதிதான்!

சார்லட் எழுதிய முதல் நாவலும் திரும்பித் திரும்பி வந்தது. அதே வருஷம் அப்பாவுக்கு மான்செஸ்டர் நகரில் கண் ஆபரேஷன். கூடவே இருந்து பார்த்துக்கிட்ட அந்த நாட்களில்தான் சார்லட் 'ஜேன் அயர்' நாவலைத் தொடங்கினாங்க. 1847-ல் அது வெளிவந்து நன்றாக விற்றது. அதே வருஷம் எமிலி, ஆன் நாவல்களும் வந்தன. புத்தகம் போட்ட அப்பாவுக்கே, 'ஜேன் அயர்' பெயர் வாங்கின பிறகுதான் விஷயம் தெரியும்!

எமிலி 1848-லும், ஆன் 1849-லும் காசநோயில் இறந்துட்டாங்க. எமிலிக்கு 30 வயசுதான், ஆனுக்கு 30 வயசுகூட முழுசா ஆகலை. அவங்க புத்தகங்களை உலகம் இன்றைக்கும் வாசிக்குது.

சகோதரிகளே, எழுத்தாளர் வீடு அவங்களுக்குப் புத்தகம் கொடுத்தது. தைரியம் கொடுத்தது, கேட்க உட்கார்ந்த இன்னும் இரண்டு பெண்கள். அந்த மாதிரிப் பெண்கள் நம்ம ஒவ்வொரு குழுவிலும் இருக்காங்க. அரிசிப் பானைக்குப் பின்னாடி நோட்டை ஒளிச்சு வைக்கிறவங்களும் இருக்கலாம். அடுத்த கூட்டத்தில் கணக்கு முடிஞ்சதும் பத்து நிமிஷம் ஒதுக்குங்க. ஒருத்தர் வாசிக்கட்டும், மத்தவங்க கேட்போம்.