தொண்டர் கையில் வீடியோ காமிரா



மகாகவி பாரதியார் 1921-ஆம் ஆண்டு மறைந்தார். தம் பாடல்களைத் தாமே உரக்கப் பாடிக் காட்டியவர் அவர். அக்குரல் நமக்குக் கிட்டவில்லை. அக்காலத்தில் கருவி அரிது. இன்றோ கருவிக்குப் பஞ்சமில்லை. ஆயினும், மாதுங்காவிலும் கரோல்பாக்கிலும் பல்லாண்டுகளுக்கு முன் குடியேறிய நம் முதியோர் சங்க மேடையில் பேசினால், படத்தில் முகம் வெளிறிக் கிடக்கிறது. பேச்சு மின்விசிறி இரைச்சலில் அமிழ்ந்துவிடுகிறது. இக்குறை நீங்கப் பெரும்பயிற்சி வேண்டுவதில்லை. மூன்று செய்திகளில் கருத்து வைத்தால் போதும்.

முதலாவது, நிலை. காமிராவை முக்காலியில், பேசுவோரின் கண்மட்டத்தில் நிறுத்துதல் வேண்டும். பொத்தானை அழுத்தியதும் பதிவாகிறதா என்று திரையில் பார்த்துக்கொள்க. ஒவ்வொரு காட்சியையும் பத்து விநாடியேனும் அசையாமல் எடுக்கவேண்டும். இடையிடையே உருவைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் விளையாடுதல் காண்போர் கண்ணை உறுத்தும்.

இரண்டாவது, ஒளி. பின்திரை கறுப்பாயின், கருவி அவ்விருளைக் கணக்கிட்டு ஒளியை மிகுதியாக உள்ளே விடும். முகம் வெளிறுவது இதனாலேயே. ஆதலால் தானியங்கு முறையை நிறுத்தி, முகம் தெளியும் அளவில் ஒளியைக் குறைத்து நிலைப்படுத்துக. மேடை விளக்கின்கீழ் வெள்ளைத் தாளைக் காட்டி நிறத்தைச் சமன்செய்க. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்றுடையது. அதனால் சில விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்கும். விநாடிக்கு 25 படங்கள், ஒவ்வொன்றுக்கும் 1/50 விநாடி என அமைத்தால் அம்மினுக்கல் படத்தில் பட்டையாகத் தோன்றாது.

மூன்றாவது, ஒலி. இதுவே தலையாயது. காமிராவிலுள்ள மைக்குக்கு மேடைப் பேச்சைவிடப் பக்கத்து நாற்காலி இருமலே நன்றாகக் கேட்கும். ஆகவே, பேசுவோர் சட்டையில், வாய்க்கு ஒரு சாண் கீழே, சிறு மைக்கைப் பொருத்துக. ஹெட்போனைக் காதில் அணிந்து, கேட்டுக்கொண்டே பதிவு செய்க. இயலுமாயின் மின்விசிறியையும் நிறுத்திவிடலாம்.

விழா முடிந்தவுடன் பதிவை இரண்டு இடங்களில் படியெடுத்து, பேசியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைக் குறித்து வைக்கவேண்டும். அதற்குமுன் நினைவட்டையை அழித்தலாகாது.

வெளிமாநிலத்தில் வளரும் நம் பேரக்குழந்தைகளுள் பலர் தமிழ் எழுத்தறியாதவர். பாட்டனார் எழுதிய கடிதத்தை அவர்களால் படிக்க இயலாது. அவர் குரலை மட்டும் கேட்க இயலும். நெல்லைப் பேச்சும் தஞ்சைப் பேச்சும் அவர்கள் செவிக்கு எட்டுவது உங்கள் கைப்பதிவால்தான். அடுத்த விழா வரை காத்திராமல், வரும் ஞாயிறன்றே வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பேசச் சொல்லிப் பழகுங்கள்.